ஏற்கெனவே ஒரு எண் இருக்கிறது

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதுகு மட்டும் காலையில் எழுந்திருக்க ஒரு தடவை யோசிக்கிறது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? கத்தி பட்ட விரல் ஆறிவிட்டதா?

மலையைக் குடைந்து பாதை போடும் வேலை இங்கே பாதியைத் தாண்டிவிட்டது. ஸ்டோரில் நானும் இரும்புச் சாமான்களும்தான். போன வாரம் போல்ட் நட்டு சுற்றி வந்த செய்தித்தாளில் ஒரு அறிவிப்பு பார்த்தேன். வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். பெண்கள் நடத்தும் சிறு பட்டறைகளுக்கு மெஷின் வாங்க மானியம் தருகிறார்களாம். ஆகஸ்ட் கடைசி வரை நேரம் இருக்கிறது. நீ நீளக் கத்தியை வைத்துக்கொண்டு ஃபோமை அறுக்கிற காட்சி கண்ணில் வந்தது. ஒரு வெட்டும் மெஷின் இருந்தால் உனக்குப் பாதி உயிர் மிஞ்சும்.

ஆனால் மானியத்துக்கு எழுதும் முன்பே பட்டறைக்கு ஒரு வரி எண் வாங்கியாக வேண்டும். அது இல்லாத விண்ணப்பத்தைக் கையால்கூடத் தொட மாட்டார்கள். ‘வரி கட்டுகிற அளவுக்கு நமக்கு என்ன வியாபாரம்’ என்று இருந்துவிடாதே. எண் வேறு, வரி வேறு.

வரி அலுவலகத்துக்கு நீயே நேரில் போ. யாரிடமும் கொடுத்தனுப்பாதே. படிவம் கேட்பதற்கு முன்னால், உன் பெயரில் பழைய எண் ஏதாவது இருக்கிறதா என்று கேள். அதை மட்டும் மறக்காதே.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

விரல் ஆறிவிட்டது. உன் மாமாவுக்குச் சளி வந்து போனது. மற்றபடி எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கட்டிலில் பலகைக்கு மேல் ஒரு போர்வையாவது போடு. மெத்தை செய்கிறவளின் தம்பி பலகையில் படுக்கிறான் என்று வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். என்னோடு தைக்கிற நாலு பேரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். எங்களில் வாய் நீளமானவளுக்குக் ‘கத்தரிக்கோல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். “ஏங்க்கா, உங்க தம்பி அங்க கமிஷனுக்கு ஆள் பிடிக்கிறாரா?” என்று கேட்டுவிட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஏழு வருஷமாக ‘நலம், லீவு கிடைக்கவில்லை’ என்று இரண்டு வரி எழுதுகிறவன், திடீரென்று பக்கம் நிறைய அக்கறை காட்டினால் வாங்குகிறவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்க்க மாட்டாளா? இதில் உனக்கு என்ன இருக்கிறது என்று நேராகவே சொல்லிவிடு.

உன் மாமாவிடம் காட்டினேன். “வரி ஆபீஸ் வாசலை நாம ஒரு தடவை மிதிச்சா, அப்புறம் அவங்க நம்ம வாசலை மிதிச்சுக்கிட்டே இருப்பாங்க” என்றார். மறுநாள் அவரே, “அவ்வளவு ஆசையா இருந்தா படிவத்தை நான் வாங்கி நிரப்பிக் கொடுத்துடறேன், நீ எதுக்கு அலையறே” என்றார். அரசாங்க வேலையில் இருக்கிறவர், காகித வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு ஏன் நீ யாரிடமும் கொடுக்காதே என்கிறாய்?

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், தேவலை.

எனக்கு இதில் எதுவும் இல்லை. மாமாவுக்கு அலுவலக வேலையே தலைக்கு மேல் இருக்கும். அவரை இதில் இழுக்காதே, தயவுசெய்து. விண்ணப்பிக்கிறவர் நேரில் வந்தால்தான் சீக்கிரம் நடக்கும் என்று இங்கே கணக்கர் சொன்னார்.

கவுன்டரில் என்ன சொல்கிறார்களோ அதை முதலில் எனக்கு எழுது. வீட்டில் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

தபால் கொண்டுபோகிற லாரி கிளம்புகிறது. இதோடு முடிக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகம்தானா? நான் சுகமா இல்லையா என்று கடைசியில் சொல்கிறேன்.

நூல்கண்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வீட்டில் சொன்ன முதல் பொய், உன் பேச்சைக் கேட்டுத்தான்.

மூன்றாவது கவுன்டரில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா. என் அடையாள அட்டையைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“எதுக்கும்மா இன்னொண்ணு? உங்களுக்குத்தான் ஏற்கெனவே இருக்கே.”

“எனக்கா?”

“உங்க பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி எல்லாம் சரியா இருக்கு. எழுதுபொருள் சப்ளை. எடுத்து ஏழு வருஷம் ஆகுது. அப்புறம் வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய படிவம் ஒண்ணுகூட வரலை.”

“நான் இதுவரைக்கும் ஒரு பென்சில்கூட வித்ததில்லைங்க.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்வாங்க” என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். திருடியைப் பார்க்கிற மாதிரி ஒரு கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ஒருவருக்கு ஒரு எண்தானாம். பழையது இப்படி அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்வரை பட்டறைக்குப் புதிது கிடையாது, மானியமும் கிடையாது.

அந்தத் தொழிலுக்குக் கொடுத்திருக்கும் விலாசம், நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த பேக்கரிச் சந்து வீடு. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் யார் யார் இருந்தோம் என்று பஸ்ஸில் வரும்போது எண்ணினேன். எண்ண ஒரு கை விரல்கூட முழுதாகத் தேவைப்படவில்லை. அப்போது நீ வேலை தேடிக்கொண்டு எங்களோடு இருந்தாய். உன் கக்கத்தில் எப்போதும் ஒரு ஃபைல் இருக்கும்.

பழைய எண் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாயே, இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தூக்கம் சரியில்லை. அவ்வளவுதான் என் சுகம்.

அக்கா


மே 12

தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று ஒரு நாள் பயந்தேன். மறுநாள், அப்படி இருக்காது என்று தோன்றியது. இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் நீ வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுவது உனக்குப் பழக்கம்தானே என்று எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

கண்ணாடி அம்மாவிடம் மறுபடி போனேன். ஏழு வருஷத்துக்கு முந்தைய அசல் ஃபைல் வேறு கட்டடத்தில் கிடக்கிறதாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜூன் முதல் வாரம் வந்துவிடும். அசல் வந்தால் யார் எழுதினது, யார் கையெழுத்து எல்லாம் தெரிந்துவிடும் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து முப்பது மெத்தை கேட்டுவிட்டுப் போனார். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு முதுகில் புண் வராமல் இருக்க நாங்கள் குழி வெட்டிச் செய்கிறோமே, அது. எண் இருந்தால்தான் வாங்க முடியும் என்கிறார். கத்தரிக்கோல் இப்போதே முப்பதுக்கும் அளவு கோடு போட்டுவிட்டாள். அவளிடம் என்ன சொல்வது?

உன் மாமா நான் வரி அலுவலகம் போனதை எப்படியோ தெரிந்துகொண்டார். திட்டவில்லை. “என்ன சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டார். “கூட்டம், திரும்பி வந்துட்டேன்” என்றேன். இரண்டாவது பொய்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. மழையில் பாதை அடைத்துவிட்டது, தபால் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான் சொல்வதைக் கேள். அசல் ஃபைல் வேண்டாம் என்று சொல்லிவிடு. ‘ஆமாம், என்னுடையதுதான், மறந்துவிட்டேன், மூடிவிடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிடு. அபராதம் எவ்வளவு ஆனாலும் நான் அனுப்புகிறேன். மானியம் இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் வரும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக ஆக்கிவிடாதே.

நான்தான் உன்னைக் கிளப்பிவிட்டேன். நானே நிறுத்தவும் சொல்கிறேன். கோபப்படாதே.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

நீ நிறுத்தச் சொல்லி எழுதிய கடிதம் வந்த மறுநாள் ஃபைல் வந்துவிட்டது. நிறுத்தச் சொன்னாய் என்பதற்காகவே போனேன்.

மஞ்சள் அட்டை, கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. கண்ணாடி அம்மா என் பக்கம் திருப்பி வைத்தார். என் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டின படம், பாஸ்போர்ட் அளவில். மாலையின் ஒரு பூ ஓரத்தில் தெரிகிறது. என் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் என் கையெழுத்து மாதிரியே ஒன்று. நான் அவசரமாகப் போடுவேன், அது நிதானமாகப் போட்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கீழே சாட்சி. உன் பெயர், உன் கையெழுத்து. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

தேதியைப் பார்த்தேன். அந்த மாதம்தான் என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பதினோரு நாள் நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்து, புண்ணைத் துடைத்து, மருந்து போட்டேன். இந்த மெத்தைத் தொழிலையே நான் கற்றுக்கொண்டது அந்தக் கட்டில் பக்கத்தில்தான். அதே நாட்களில் என் பெயரை வீட்டில் யாரோ உட்கார்ந்து நிதானமாக எழுதியிருக்கிறார்கள்.

படிவம் முழுக்க நிரப்பியிருக்கும் எழுத்து உன்னுடையதில்லை. உன் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். இது ஆபீஸ் எழுத்து.

இரண்டு மாதமாக உன்னைத்தான் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உன்னைச் சந்தேகப்படுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்று இப்போது புரிகிறது. நீ எங்கேயோ மலையில் இருக்கிறாய். தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை பார்.

எழுதினது யார்? எனக்குத் தெரியும். நீ சொல்லிக் கேட்க வேண்டும்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

மாமாதான்.

அவர் அரசாங்க வேலையில் இருந்துகொண்டு தொழில் செய்யக் கூடாது. பள்ளிக்கூடங்களுக்கு நோட்டு, பேனா சப்ளை பண்ணும் வாய்ப்பு வந்தது. உன் பெயரில் எண் எடுத்தார். நான், “அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே” என்றேன். “அவகிட்ட கேட்டா எதுக்கு, ஏன், எப்படின்னு நூறு கேள்வி கேப்பா. ஆஸ்பத்திரில கிடக்கறா, இப்ப எதுக்கு” என்றார். சாப்பாட்டு மேஜையில் வைத்து நாலைந்து காகிதத்தில் உன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தார். ஐந்தாவதை நானே, “இது சரியா இருக்கு” என்று சொன்னேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சப்ளை ஆறு மாதம்கூட ஓடவில்லை. மூடவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட அடுத்த மாதம் எனக்கு இந்த வேலைக்குச் சிபாரிசு வாங்கிக் கொடுத்தார். ஏழு வருஷமாக இரண்டு வரிதான் எழுதுகிறேன் என்றாயே, அதற்குக் காரணம் இதுதான். எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரி இதாகத்தான் இருந்திருக்கும்.

மானிய அறிவிப்பைப் பார்த்ததும், நீ கவுன்டரில் போய்த் தெரிந்துகொண்டால் என் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். நீ கேட்க ஆரம்பித்ததும் பயந்துவிட்டேன். கோழைத்தனம்தான்.

என்ன செய்யப் போகிறாய்? மாமாவின் வேலைக்கு ஆபத்து வரலாம். எனக்கும். இதைச் சொல்வது உன்னைத் தடுப்பதற்கில்லை.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஐந்தாவது காகிதத்தைச் சொன்னாயே, அந்த இடத்தில் ஒரு நிமிஷம் உன்னை அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த வரி இருந்ததால்தான் மற்றதை நம்பினேன்.

உன் மாமா ஞாயிற்றுக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “எழுதுபொருள் வியாபாரம் எப்படி நடந்துச்சு?” என்று கேட்டேன். பெட்டி சட்டை மேலேயே நின்றுவிட்டது. புகை வந்த பிறகுதான் எடுத்தார்.

“உன் பேர்லதானே எடுத்தேன். அடுத்தவ பேர்லயா எடுத்தேன்?”

“எங்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டிருந்தா நீ சரின்னுதான் சொல்லியிருப்பே.”

“அப்ப கேட்டிருக்கலாமே.”

கருகின சட்டையை மடித்து வைத்தார். பிறகு, “இத்தனை வருஷம் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நீ உன்னுதுன்னு எழுதிக் கொடுத்தா முடிஞ்சு போச்சு” என்றார். நீ சொன்ன அதே வார்த்தை. இரண்டு பேரும் எங்கே படித்தீர்களோ.

என்னுடையது என்று எழுதினால் இந்த வருஷம் மட்டுமில்லை, இன்னும் இரண்டு வருஷத்துக்கு எதற்கும் விண்ணப்பிக்க முடியாதாம். விசாரித்துவிட்டேன். கத்தரிக்கோலும் மற்ற மூன்று பேரும் அதுவரை என்ன செய்வார்கள்?

“புதன்கிழமை நீங்களும் வாங்க, நீங்களே சொல்லிடுங்க” என்றேன். சரி என்றார். புதன்கிழமை காலையில் ஜுரம் என்று படுத்துக்கொண்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர்ப் பானை மாதிரி இருந்தது.

தனியாகப் போனேன். ‘இந்தக் கையெழுத்து என்னுடையதல்ல. இந்தத் தொழிலும் என்னுடையதல்ல’ என்று எழுதி, அவசரமாக, என் வழக்கப்படி கையெழுத்துப் போட்டேன். கண்ணாடி அம்மா படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “யாருன்னு தெரியுமாம்மா?”

“என் வீட்டுக்காரர்.”

அதையும் எழுதிக்கொண்டார்.

29-ஆம் தேதி அவரை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாட்சி யார் என்று கேட்டார்கள். என் தம்பி என்று சொல்லிவிட்டேன். உன்னை இன்னது செய் என்று நான் சொல்லப் போவதில்லை. முதுகைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திடமாக இருக்கிறாயா? சாப்பிடுகிறாயா?

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போட்டு, வரி அலுவலகத்துக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஐந்தாவது காகிதத்தையும் எழுதியிருக்கிறேன். 29-க்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். நகல் இதோடு இருக்கிறது, வார்த்தை வார்த்தையாகப் படி. என் பேச்சை நம்பி விட்டுவிடாதே.

மேனேஜர் படித்துவிட்டு, விசாரணை முடியும்வரை ஸ்டோர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது கேட்டில் வண்டி எண் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெயில்தான், வேறு கஷ்டம் இல்லை. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

சாவியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்களா? முதுகு எப்படி இருக்கிறது? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இடையில் எழுதவில்லை, ஏனென்றால் என்ன எழுதினாலும் அரைகுறையாக இருந்திருக்கும்.

29-ஆம் தேதி உன் மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். திரும்பி வந்து, “எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்” என்றார். பாவமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து நான் போனபோது கண்ணாடி அம்மா சொன்னார்: “உங்க வீட்டுக்காரர் முதல்ல வேற மாதிரிதாம்மா ஆரம்பிச்சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்கன்னும், உங்களுக்கு இப்பல்லாம் ஞாபக மறதின்னும் சொன்னார். உங்க தம்பி எழுதினதை எடுத்து முன்னால வெச்ச பிறகுதான் பேச்சு மாறிச்சு.”

அதைக் கேட்டுக்கொண்டு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டதைக்கூட ஒரு நாள் மன்னிப்பேனோ என்னவோ. இதை மன்னிப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை. அவரிடம் இதுவரை கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இப்போது எங்கள் வீட்டில் சொல்லாமல் வைத்துக்கொள்வது என் முறை.

உன் கடிதம் இல்லாவிட்டால் நான் மறதிக்காரியாகப் போயிருப்பேன். அதற்காக உனக்கு ஒரு நன்றி. ஐந்தாவது காகிதத்துக்கான அறை அப்படியே பாக்கி இருக்கிறது.

அவர் அலுவலகத்தில் இரண்டு வருஷம் சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள். வேலை தப்பித்தது. பழைய எண்ணை அடியோடு நீக்கிவிட்டார்கள். ஆகஸ்ட் 20-ஆம் தேதி பட்டறையின் பெயரில் புது எண் வந்தது. கத்தரிக்கோல் அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்து, போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்கிறாள். 26-ஆம் தேதி மானியத்துக்கு விண்ணப்பித்தேன். ஆஸ்பத்திரி முப்பது மெத்தையில் பன்னிரண்டு போய்விட்டது. கத்தியால்தான் அறுத்தோம்.

நேற்று மானிய அலுவலகத்திலிருந்து ஒருவர் பட்டறையைப் பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்து உன் மாமாவும் எதற்கோ வந்து வாசலில் நின்றார். வந்தவர் வழக்கம்போல ஆம்பளை முகத்தைத்தான் தேடினார். “நீங்கதானே ஓனர்?” என்று அவரிடம் கேட்டார். கையில் ரெக்சினோடு நான் அப்படியே நின்றேன். நாலு பேரும் தலையைத் தூக்கவில்லை. தையல் மெஷின் சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

“நான் இல்லைங்க. அவங்கதான்” என்றார்.

வந்தவர் போன பிறகு அவரிடம் கேட்டேன்: “யாரு சொல்லச் சொன்னா?”

“யாரும் சொல்லச் சொல்லலை” என்றார்.

நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

வெயிலில் நிற்காதே, தலையில் ஒரு துணியாவது போட்டுக்கொள்.

அக்கா